உக்காருங்க நட்டு

நட்டு கடித்துத் தின்ற செருப்புகள் எல்லாமே இடது கால் செருப்புகள். வலது காலை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள் கண்ணுகளா, அதைக் கேட்டாலும் அதற்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு வந்த மூன்றே வாரத்தில் செருப்பு ஸ்டாண்டில் நான்கு வலது கால் செருப்புகள் ஜோடி இல்லாமல் நின்றன. ஒற்றைச் செருப்பு விற்கிற கடை உலகத்தில் எங்கே இருக்கிறது? அந்த வீட்டு மெக்கானிக், இடது காலுக்குக் குளியலறை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனான்.

அந்த வீட்டில் மூன்று பேர். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. முப்பத்தைந்து வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நின்று, "வாங்க, வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

நாலாவதாக வந்ததுதான் நட்டு. ஒரு மழைநாளில் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பும்போது கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து முனகல் கேட்டது. குனிந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. எப்படி ஏறியது, யார் ஏற்றியது என்பதற்குப் பதினைந்து பிள்ளைகளும் பதினைந்து கதை சொன்னார்கள். "அக்கா, நீங்களே வளப்பீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். வண்டி ஓட்டுகிற அவசரத்தில் "வளக்கறேன், வளக்கறேன், கைய உள்ள வை" என்று சொல்லிவிட்டாள். வாய் வார்த்தைதான். ஆனால் பதினைந்து சாட்சிகள். அன்றிலிருந்து தினமும் வேனில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும், காலை வணக்கத்துக்குப் பதிலாக, "நட்டு என்ன பண்ணுது?" என்றுதான் கேட்டது.

பேர் வைத்தவன் மெக்கானிக். வந்த முதல் மணி நேரத்தில் அவனுடைய சாமான் பையிலிருந்து ஒரு நட்டைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வாய்க்குள் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேல்மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா அந்தப் பேரைக் கேட்டதும், "நட்டா? பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க. ஏற்கெனவே கழண்டுதானே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஒண்ணுக்குப் போக வேண்டுமானால் தரையில் விரித்த செய்தித்தாளின் மேல்தான் போக வேண்டும் என்று ஒரு வாரம் பாடுபட்டுப் பழக்கினார்கள். எட்டாம் நாள் அது அருமையாகக் கற்றுக்கொண்டது. ஒன்பதாம் நாள் காலை பெரியவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்த, இன்னும் படிக்காத பேப்பரின் மேல் போயிற்று.

"அது சொன்னதைத்தானேப்பா செஞ்சிருக்கு" என்றாள் மகள்.

"நான் ரெண்டாம் பக்கம்கூடத் திருப்பலம்மா" என்றார் அப்பா.

இந்த அளவோடு நின்றிருந்தால் இது ஒரு கதையே இல்லை. எந்தக் குட்டி கடிக்காமல் வளர்ந்திருக்கிறது? கதை ஆரம்பித்தது மாடிப்படியில்.

வீட்டுக்காரம்மா தினமும் காலையில் துவைத்த துணியைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு கீழே முற்றத்துக்கு உலர்த்தப் போவாள். போகிற வழியில் முதல் மாடியில் இவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். அந்தச் சொட்டு என்றால் நட்டுவுக்குப் பித்து. ஒரு நாள் கதவு திறந்திருந்தது. அது பாய்ந்தது. பக்கெட் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பக்கெட் படிப்படியாக உருண்டு, கீழே போய் இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அந்த அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. படி என்றாலே அதற்குப் பிறகு கால் நடுங்கியது. அதை யாராலும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் கட்டுப் போட்ட முழங்கையோடு வந்து நின்றாள். "நான் கெட்டவ இல்ல. நாய் புடிக்காதவளும் இல்ல. ஆனா எனக்கு எலும்பு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணிக்கு, இதே மாதிரி பக்கெட்ட எடுத்துக்கிட்டு இறங்குவேன். நான் தாண்டிப் போற வரைக்கும் அது உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும். இருந்துச்சுன்னா இருக்கட்டும். பாஞ்சுச்சுன்னா அன்னிக்குச் சாயங்காலமே என் தம்பி மரவாடிக்கு அனுப்பிடுவேன். அவனுக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணுமாம்."

மரம் அறுத்து விற்கிற அந்த மரவாடியை வேன்காரி தினமும் தாண்டித்தான் போவாள். வாசலில் ஒரு தூண். தூணில் ஒரு சங்கிலி. சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்து கிடக்கும். முன்னால் இருந்த நாய் நடந்து நடந்து தேய்த்த வட்டம் அது. அன்றைக்கு வேனில் பிள்ளைகள் "நட்டு என்ன பண்ணுது?" என்று கேட்டபோது அவள் கியர் மாற்றுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்தைந்து நாள் இருந்தது.

நாய் டாக்டரிடம் ஓடினாள். அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். "ஒரே வார்த்தை. வீட்ல எல்லாரும் அதே வார்த்தை. ஒரு தடவைதான் சொல்லணும். செஞ்ச அந்த நொடியே வாயில ஏதாவது குடுக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

மெக்கானிக்குக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "உக்காரு" என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். அதன் கீழே, "ஒரு தடவை மட்டும்" என்று கோடு போட்டான். எழுதியதென்னவோ எழுதினான். மறுநாள் காலையில் அவனே ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உக்காரு. உக்காரு. உக்காருடா. டேய், உக்காருன்னு சொல்றேன்ல. உக்காருடா ராஜா" என்று நின்றான். நட்டு அவன் முகத்தைப் பார்த்தது, ரொட்டியைப் பார்த்தது, கடைசியில் அவனுடைய கால்சட்டை நாடாவைப் பிடித்து இழுத்தது.

"ஒரு தடவை மட்டும்னு எழுதினது யாரு?" என்றாள் மனைவி.

"கேக்க மாட்டேங்குதே."

"லிஃப்ட் பட்டன பத்து தடவ அமுக்கறவங்கள நீங்க என்னன்னு திட்டுவீங்க?"

அவன் ரொட்டித் துண்டை மேசையில் வைத்தான். பத்துத் தடவை அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வராது, பட்டன்தான் தேயும் என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. காலையில் அவள் வேன் எடுப்பதற்கு முன் கால் மணி நேரம், மாலையில் அவன் வந்ததும் கால் மணி நேரம். ரொட்டி தீர்ந்ததே தவிர நட்டு உட்காரவில்லை. "உக்காரு" என்பது அதற்குக் மின்விசிறி ஓடுகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஓடிக்கொண்டே இருந்தால் யார் கவனிப்பார்கள்? பெரியவர் இந்தப் பாடங்களில் கலந்துகொள்வதில்லை. நாற்காலியில் இருந்தபடி, "அதுக்குப் படிப்பு ஏறாதும்மா" என்று ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார், டாக்டர் சொன்னபடி.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் சண்டை கிடையாது. சண்டை இருந்தால்கூடப் பரவாயில்லை, சமாதானமாவது நடக்கும். அவர்களுக்கு இடையில் இருந்தது மரியாதை. கழுத்து வரைக்கும் மரியாதை. ராத்திரிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

"வாங்க மாப்பிள்ள, உக்காருங்க."

"இல்ல மாமா, நீங்க உக்காருங்க."

"நீங்க வேலைக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க."

"உங்களுக்கு முட்டி வலி. நீங்க முதல்ல உக்காருங்க மாமா."

"இருங்க, இருங்க, நாற்காலி ஆடுது. அத விட்டுட்டு இதுல உக்காருங்க."

சாப்பாடு ஆறும். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஐந்து வருஷமாக இந்த "ங்க"வுக்கு மேல் ஒரு வார்த்தை அவர்களுக்குள் நகரவில்லை. மழை வருமா என்று கேட்க வேண்டுமானாலும் அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது, புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தாள். மேலே, "உக்காருங்க மாப்பிள்ள" என்று குரல் கேட்டது. கீழே நட்டு உட்கார்ந்தது.

முதுகு நேராக, முன்னங்கால் இரண்டும் சேர்த்து, ஒரு கடைப் பொம்மை மாதிரி உட்கார்ந்து மேலே பார்த்தது. பெரியவர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார். அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும். ஒரு துணுக்கு விழுந்தது. நட்டு அதைப் பிடித்துத் தின்றது. பிறகு எழுந்து வாலாட்டியது.

அவள் அப்படியே குனிந்த நிலையில் இருந்தாள். "அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்தம்மா?"

"அவரை உக்காரச் சொல்லுங்க."

"உக்காந்துட்டாரேம்மா."

"எழுந்திருங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. அவன் ஒன்றும் புரியாமல் எழுந்தான். "இப்ப சொல்லுங்கப்பா."

"உக்காருங்க மாப்பிள்ள."

மாப்பிள்ளை உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் நட்டுவும் உட்கார்ந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அவள் "உக்காரு" என்றாள். நட்டு காதைச் சொறிந்தது. "உக்காருங்க" என்றாள். சொறிவதை நிறுத்தி உட்கார்ந்தது. "இருங்க" என்றாள், அசையவில்லை. "வாங்க" என்றாள், ஒரே பாய்ச்சலில் மடிக்கு வந்துவிட்டது. வெறும் "வா"வுக்கு அது எந்த நாளும் தலையைக்கூடத் திருப்பியதில்லை.

கணக்கு எளிதானதுதான். காலையும் மாலையும் கால் மணி நேரம் இவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்று. ராத்திரிக்கு ராத்திரி இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் உட்காரச் சொல்லிச் சொல்லி, உட்கார்ந்த நொடியில் ரொட்டித் துணுக்கும் சிந்தி, டாக்டர் சொன்ன மாதிரியே ஒழுங்காகப் பழக்கியது ஒன்று. குட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சொல்லித் தந்தார்களோ அங்கே படித்துவிட்டது.

வேன்காரிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதெப்படிம்மா? மாப்பிள்ளைக்குச் சொல்ற வார்த்தைய நாய்க்குச் சொல்றதா? மூணாவது மனுஷங்க கேட்டா என்ன நினைப்பாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றான் மெக்கானிக்.

"எனக்கு இருக்குங்க மாப்பிள்ள. அந்த வார்த்தையாலதான் முப்பத்தஞ்சு வருஷம் சோறு தின்னேன்."

"வேற வார்த்தைக்கு மாத்திடலாமே" என்றாள் அவள். உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் வழக்கம்போல இரண்டே வரியில் முடித்தார்: "நாலு நாள்ல புது வார்த்தை வேண்டாம். தெரிஞ்சதுலயே ஓட்டுங்க."

மெக்கானிக் மெதுவாகச் சொன்னான், வழக்கத்துக்கு மாறாக மாமனாரின் முகத்தைப் பார்த்தே சொன்னான். "மாமா, ஒரு லிஃப்ட்ல ஒயர மாத்திக் குடுத்துட்டாங்கன்னு வைங்க. மூணு அமுக்கினா ரெண்டாம் மாடிக்குப் போகுது. பிரிச்சு மாத்த நேரம் இல்ல. உள்ள ஆள் நிக்குது. அப்ப என்ன பண்ணுவோம்? மூண அமுக்கி ரெண்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

பெரியவர் நட்டுவைப் பார்த்தார். அது அவருடைய வலது கால் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. இடது கால் செருப்பு உயிரோடு இல்லை.

"சரி" என்றார். "ஆனா ஒண்ணு. ஒரு வார்த்தைய ரெண்டு பேருக்கு விக்கக் கூடாது. அதுக்குக் குடுத்தாச்சுன்னா அதுக்குத்தான். மேசைல அந்த வார்த்தை வேண்டாம்."

டாக்டர் சொல்லாததையும் அவர் சரியாகச் சொன்னார். மேசையில் "இருங்க" என்பதும் "உக்காருங்க" என்பதும் கண்டபடி பறந்தால் குட்டி குழம்பிப்போகும். ஆகவே அந்த வீட்டில் நான்கு நாளைக்கு "உக்காருங்க" என்பது நட்டு ஒருவருக்கே உரிய சொல்லாயிற்று.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இரண்டு பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். பெரியவர் வாயைத் திறந்தார், "உக்கா..." என்று நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"மாப்பிள்ள."

"மாமா."

"உக்காரு."

சொல்லிவிட்டு, ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி மகளைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் காது நுனி சிவந்தது. ஆனால் உட்கார்ந்தான். அதற்குப் பதிலாக அவன் மாமனாரை "உக்காரு" என்று சொல்லிவிட முடியுமா? அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு, "மாமாவும் உக்காரலாமே" என்றான்.

சாப்பாடு அன்றைக்கு ஆறவில்லை.

மாடிப்படிப் பாடம் தொடங்கியது. வேன்காரி பக்கெட் நிறைய ஈரத்துணியை வைத்துக்கொண்டு மேலே போய்க் கீழே இறங்குவாள், மெக்கானிக் வாசலில் நட்டுவோடு நிற்பான். "உக்காருங்க." உட்காரும். "இருங்க." இருக்கும், மூன்று படி வரைக்கும். நாலாவது படியில் ஒரு சொட்டு விழும், பறந்துவிடும். மறுபடி மேலே. மறுபடி. வெள்ளிக்கிழமை ஏழு படி தாங்கியது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவள் இருபத்தோரு தடவை ஏறி இறங்கியிருந்தாள். இருபத்தோராம் தடவை, பக்கெட்டோடு வாசலைத் தாண்டி, கீழ்ப்படிக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். நட்டு இருந்த இடத்தில் இருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது, வால் தரையைப் பெருக்கியது, ஆனால் பின்பக்கம் தரையை விட்டு எழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பார்சல்காரர் படியேறி வந்தார்.

பெரியவர் கதவருகில் நின்றிருந்தார். படியில் ஓர் ஆள் தலை தெரிந்ததும் முப்பத்தைந்து வருஷம் தானாகவே வாயைத் திறந்தது. "வாங்க, வாங்க" என்றார்.

நட்டு போயிற்று. பார்சல்காரரின் நெஞ்சு மேல் ஏறி, கன்னத்தை நக்கி, பார்சலின் ஒரு மூலையைக் கடித்துக்கொண்டு தொங்கியது. நல்ல மனுஷன், சிரித்துவிட்டுப் போனார். ஆனால் வேன்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா எல்லாம் போச்சு."

"வேணும்னா சொன்னேம்மா? அது தானா வருது."

"நீங்க உள்ள இருந்துடுங்களேன்."

"ஏன்? நானும் இந்த வீட்டு ஆள்தானே. செருப்பு குடுத்திருக்கேன்."

"அப்ப வாயைத் திறக்கக் கூடாது."

"ஒருத்தர் வாசலுக்கு வரும்போது வான்னு கூப்பிடாம நிக்கச் சொல்றியா? அதுவும் அந்த அம்மாவ?"

அதுதான் சிக்கல். வீட்டுக்காரம்மாவுக்கு மற்ற எதைக் குறைத்தாலும் பொறுப்பாள், வரவேற்பைக் குறைத்தால் பொறுக்க மாட்டாள். ஒரு கல்யாணத்தில் யாரோ வா என்று சொல்லவில்லை என்பதற்காகப் பதினோரு வருஷம் ஒரு சொந்தத்தையே அறுத்துக்கொண்டு இருந்தவள். அன்று ராத்திரி பெரியவர் கண்ணாடி முன் நின்று, உதட்டை இறுக்கி மூடிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல்மாடிக் கதவு திறந்தது.

வாசலில் மூவரும் நின்றார்கள். நடுவில் நட்டு. மெக்கானிக் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். பெரியவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். வேன்காரி மட்டும் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

"உக்காருங்க" என்றாள்.

நட்டு உட்கார்ந்தது.

"இருங்க."

வீட்டுக்காரம்மா புது சிவப்புப் பக்கெட்டை ஒரு கையிலும் கைப்பிடிக் கம்பியை மறு கையிலும் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். அவளுக்கும் பயம். ஒவ்வொரு படிக்கும் நட்டுவைப் பார்த்தாள். சொட்டு. சொட்டு. நட்டுவின் முன்னங்கால் நகம் தரையில் கிறீச்சிட்டது. ஐந்து படி. எட்டு படி. திருப்பம் தாண்டி வாசலுக்கு மூன்று படி மேலே வந்து, அம்மா நின்றுவிட்டாள்.

நாயைப் பார்த்து அல்ல, மனிதர்களைப் பார்த்து.

"என்ன, மூணு பேரும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

வேறு எந்தச் சொல் காதில் விழுந்தாலும் நட்டு எழுந்துவிடுமோ என்று வேன்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, உங்களுக்குமா பேச்சு வரல? இத்தன நாள்ல நீங்க வான்னு சொல்லாம நான் இந்த வாசலத் தாண்டினதே இல்லையே."

பெரியவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"புரியுது." அவள் முகம் சுருங்கியது. "நாய்க்கு ஒரு கெடு வெச்சேன்னு மூணு பேரும் சேந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. சரி. வான்னு சொல்லாத வாசல்ல எனக்கென்ன வேலை? நான் திரும்பிப் போறேன். சோதனையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தம்பிக்குப் போன் பண்றேன்."

பக்கெட்டோடு திரும்பினாள். மேல்படியில் ஒரு காலையும் வைத்துவிட்டாள்.

வேன்காரியின் கண் முன்னால் மரவாடியின் வட்டத் தடம் வந்தது. "வாங்க" என்று சொன்னால் நட்டு பாயும். சொல்லாவிட்டால் அம்மா போவாள். இரண்டு பக்கமும் கதவு மூடிக்கொண்டது.

அப்போது பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். மகள் "அப்பா" என்று மூச்சுக்குள் சொன்னாள். அவர் முதுகை நிமிர்த்தி, கால் இரண்டையும் சேர்த்து, ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற மாதிரி நின்றார். அந்தக் கடை வாசலுக்கு மேலே ஒரு பெரிய பலகை இருந்தது. முப்பத்தைந்து வருஷம் அதன் கீழே நின்றவர். பலகை சொல்வதைத் தானும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் அதை அவர் வாயால் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னார்.

"வருக, வருக."

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. வீட்டுக்காரம்மா திரும்பினாள். மெக்கானிக் வாயைப் பிளந்தான். நட்டு தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. அதற்குப் பேச்சுத் தமிழ்தான் தெரியும். ஏட்டுத் தமிழை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

"தங்கள் வரவு நல்வரவாகுக" என்றார் பெரியவர், ஒரு கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் உரக்க. அது பலகையின் இரண்டாவது வரி.

வீட்டுக்காரம்மாவின் முகம் மெல்ல அவிழ்ந்தது. "ஏதோ மந்திரிய வரவேற்கற மாதிரி இருக்கே" என்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். மந்திரியைப் போலவே இறங்கினாள்.

வாசலைத் தாண்டும்போது பக்கெட் நட்டுவின் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு பெரிய சொட்டு சரியாக அதன் மூக்கு நுனியில் விழுந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். நட்டுவின் இரண்டு கண்ணும் ஒன்றுகூடி மூக்கைப் பார்த்தன. நாக்கு மட்டும் வெளியே வந்தது. சொட்டை நக்கியது, உள்ளே போயிற்று. பின்பக்கம் அசையவில்லை.

அம்மா கீழ்ப்படியில் இறங்கி, திருப்பத்தைத் தாண்டி, முற்றத்தில் பக்கெட்டை வைத்த சத்தம் டங் என்று கேட்டது.

"நன்றி, மீண்டும் வருக" என்றார் பெரியவர். அது கடையின் உள்பக்கத்துப் பலகை.

வேன்காரி முழங்காலிட்டு, சட்டைப் பையிலிருந்த ரொட்டி மொத்தத்தையும் நட்டுவின் வாயில் திணித்தாள். "வாங்க" என்றாள். அது வந்தது. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மெக்கானிக் கையை முஷ்டியாக மடக்கி, சத்தமே இல்லாமல் மூன்று தடவை காற்றில் குத்தினான்.

வெறும் பக்கெட்டோடு அம்மா திரும்பி வந்தாள். "நான் சொன்னா கேக்குமா?" என்றாள்.

"சொல்லிப் பாருங்கம்மா."

"ஏய், உக்காரு."

நட்டு சுவரைப் பார்த்தது.

"அதுக்கு மரியாதையாச் சொன்னாத்தாம்மா காது கேக்கும்" என்றாள் வேன்காரி. விஷயம் முழுவதையும் சொன்னாள். சாப்பாட்டு மேசை, ரொட்டித் துணுக்கு, பார்சல்காரர், கைக்குட்டை எல்லாம். அம்மா இடுப்பில் கையை வைத்துக் கேட்டாள்.

"அப்ப நான் ஒரு நாய்க்கு ங்க போடணுமா?"

"ஒரே ஒரு தடவ."

அம்மா மேல்படியைப் பார்த்தாள், கீழ்ப்படியைப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில், "உக்காருங்க" என்றாள்.

நட்டு உட்கார்ந்து, அவளை நிமிர்ந்து பார்த்தது.

அந்த அம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "என் தம்பி என் பேச்ச ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல" என்றாள். "இருக்கட்டும். அவன் மரவாடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடட்டும். ஆனா என் செருப்புல வாய வெச்சுச்சுன்னா பாத்துக்கோங்க."

"இடது கால மட்டும் உள்ள எடுத்து வெச்சுக்கோங்கம்மா" என்றான் மெக்கானிக். "வலதுக்கு நான் பொறுப்பு."

திங்கட்கிழமை காலை வேனில் முதல் பிள்ளை ஏறியது. "நட்டு என்ன பண்ணுது?" அவள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. "நட்டு உக்காந்திருக்கார்" என்றாள். பதினைந்து பிள்ளைகளும் ஏறுகிற வரைக்கும் பதினைந்து தடவை சொன்னாள். கடைசிப் பிள்ளை ஏறியதும் வேனுக்குள் கிளம்பிய கூச்சலில் பக்கத்துச் சைக்கிள்காரர் பிரேக் போட்டு நின்றுவிட்டார்.

அன்று ராத்திரி மேசைக்கு வந்தபோது பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு நாள் கெடு முடிந்துவிட்டது. சோதனையும் முடிந்துவிட்டது.

"மாப்பிள்ள, இனிமே பழையபடியே..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் மாமா" என்றான் மெக்கானிக். "அந்த வார்த்தை நட்டுவுக்கே இருக்கட்டும். ஒரு வார்த்தைய ரெண்டு பேருக்கு விக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

பெரியவர் அவனைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் இவ்வளவு நேரம் அவன் முகத்தை அவர் பார்த்ததில்லை. பிறகு ஆடுகிற நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நல்ல நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"அப்ப நிக்காதடா. உக்காரு. சோறு ஆறுது."

அந்த "டா" எங்கிருந்து வந்ததோ, அவருக்கே தெரியாது. மாப்பிள்ளை உட்கார்ந்தான். உட்கார்ந்து, "மழ வரும் போல இருக்கே மாமா" என்றான், மனைவியைப் பார்க்காமல், அவரையே பார்த்து.

"வரட்டும்பா" என்றார் அவர்.

மேசைக்கு அடியில் நட்டு நின்றுகொண்டே இருந்தது. மேலே இத்தனை நேரம் சொன்னதில் தனக்கான சொல் ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரியும். ரொட்டித் துணுக்கு விழுந்தபோது வேன்காரி குனிந்து, அதன் காதோரம், "உக்காருங்க நட்டு" என்றாள்.

உட்கார்ந்து வாங்கிக்கொண்டது.